வாசல் முள்

ஈச்சம்வளவு
9 நவம்பர் 2024

திரு. கோதண்டம் அவர்களுக்கு,

உங்கள் மனைவி என்று இத்தனை வருடமாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்த செங்கொடி எழுதுவது. அடிவாரத்திலிருந்து திரும்பத் திரும்பப் போன் போட்டேன். ஒவ்வொரு தடவையும் கட் செய்தீர்கள். இங்கே மேலே டவர் கிடையாது, ஆகையால் கடிதம். தபால்காரர் ஜீப்பில் வாரத்துக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறார். இதைப் படிக்காமல் கிழித்துப் போட்டால், அடுத்ததை உங்கள் இரும்புக் கடை முதலாளி பெயருக்கு அனுப்புவேன். சாத்தாங்காடு மார்க்கெட் நடுவில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல்லி மேலேயே எழுதுவேன்.

மரியாதை இவ்வளவுதான் வரும். இனி நீ.

யோவ், என்னைக் கட்டிக்கொள்ள எங்கள் அப்பாவிடம் வந்து நின்றபோது நீ என்ன சொன்னாய்? "எனக்கு ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க, ஆளுன்னு யாரும் இல்லீங்க." அப்பா அன்று சாப்பிடவில்லை. யாரும் இல்லாத பிள்ளை என்று உன்னை மகனாகவே வைத்துக்கொண்டார். சாகும்வரை அதை நம்பினார். நானும் நம்பினேன். போன மாதம் கம்பி வாங்க வந்த அந்த ஆண்டியப்பன் நம் டிபன் கடையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டே உன்னைப் பார்த்து, "வெள்ளையன் தம்பி கோதண்டம்தானே நீயி? ஈச்சம்வளவுல உன் வூட்டு வாசல்ல இன்னும் முள்ளு கெடக்குதப்பா" என்றாரே, அதுவரை நம்பினேன்.

நீ என்ன செய்தாய்? "ஆள் மாறிப் பேசற நைனா" என்று சொல்லிவிட்டு சாம்பார் வாளியைக் கீழே வைத்தாய். நேராகப் பின்பக்கம் போய்விட்டாய். அன்று முழுக்கக் கேட்டேன், சண்டை போட்டேன், தட்டு பறந்தது. உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்றுதான் ஆண்டியப்பன் சொன்ன ஊருக்கே வந்துவிட்டேன்.

சேலத்தில் இறங்கி, அடிவாரம் வந்து, அங்கிருந்து ஜீப். குடலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. கரி பிடித்த தூண்கள் மட்டும் நிற்கின்றன. இத்தனை வருடமாக யாரும் அதைப் பிடுங்கவும் இல்லை, திரும்பக் கட்டவும் இல்லை. கோதண்டம் வீடு எது என்று கேட்டேன். ஆளாளுக்கு நகர்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா மட்டும் மோவாயால் காட்டினாள்.

வாசலை அடைத்துக்கொண்டு இலந்தை முள். நம் தெருவில் எவனாவது வழியில் எதையாவது போட்டு வைத்தால் நாம் என்ன செய்வோம்? அள்ளி ஓரமாகப் போடுவோம். கம்பெனிக்காரன் கேட்டை மூடி முள்வேலி போட்டபோது எங்கள் அப்பா வெறுங்கையால் பிரித்துப் போட்டார். முள்ளைக் கண்டால் எடுப்பது எங்கள் பரம்பரை வியாதி. நானும் எடுத்தேன். வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தேன். "இன்னாத்துக்கு வழில முள்ளப் போட்டு வெச்சிகிறீங்க? புள்ளைங்க காலுல குத்தாது?" என்று அங்கே நின்றவர்களையும் ஒரு சத்தம் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் மொத்த ஊரும் நிற்கிறது. நாட்டார் என்று சொல்கிற ஊர்த்தலைவர் வந்து, "தாயீ, நீ யாரு?" என்றார். கோதண்டத்தின் மனைவி என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று யாரும் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இந்த வீட்டை விட்டு இனிமேல் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். நீ சொல். நீ இந்த ஊருக்கு என்ன செய்தாய்?

செங்கொடி

மதியிடம், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று கதை விடாதே. அவளுக்குப் பத்தொன்பது வயது. நான் எந்தக் கோயிலுக்கும் போகிறவள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

*

திருவொற்றியூர்
15 நவம்பர் 2024

செங்கொடி,

கடிதம் வந்தது.

உடனே கிளம்பி வா. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லாதே. போகக்கூடாது என்று சொன்னால் சொல்லட்டும். விடிந்ததும் ஜீப் வரும், ஏறிவிடு.

கடையைக் கௌசர் அக்கா பார்த்துக்கொள்கிறார். நான் காலையில் மாவு ஆட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். "இன்னா அண்ணே, செங்கொடி இன்னுமா வரல? சட்னி கேட்டு எல்லாரும் என்னிய ஏசிகினு கீறாங்கோ" என்கிறார். அவர் சட்னியில் காரம் ஜாஸ்தி. மதி காலேஜ் போகிறாள். என்னிடம் பேசுவதில்லை.

மழை தொடங்கிவிட்டது. நெட்டுக்குப்பம் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார்கள். நம் தெருவில் இன்னும் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் இல்லை. பழைய விஷயம். கிளறாதே. உன் கையில் முள் கிழித்திருந்தால் மஞ்சள் வை, சும்மா விட்டால் சீழ் பிடிக்கும்.

கோதண்டம்

அங்கே பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்களா?

*

ஈச்சம்வளவு
22 நவம்பர் 2024

கோதண்டம்,

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள்! சொந்த அண்ணியைப் பெயர் சொல்லி விசாரிக்க உனக்கு வாய் வரவில்லை. தாயம்மா அக்கா நன்றாக இருக்கிறார். உன் அண்ணன் வெள்ளையன் போய் ஆறு வருடம் ஆகிறது. உனக்கு இது தெரியுமா தெரியாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றால், இதை இப்படிச் சொன்னதற்கு மன்னித்துவிடு.

எல்லாரும் தள்ளி நின்றபோது எனக்குச் சோறு போட்டது அவர்தான். மோவாயால் வீட்டைக் காட்டியதும் அவர்தான். முதல் நாள் சாயங்காலம் ஒரு சட்டி சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வாசலில் வைத்தார். "உள்ளார வரலாமா தங்கச்சி?" என்று கேட்டார். வந்து உட்கார்ந்தவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவனுக்குச் சளி தொந்தரவு உண்டே, இப்ப எப்படி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீ சொல்லாததையெல்லாம் ஊர் சொல்லிவிட்டது. மரம் வெட்டக் குத்தகை எடுத்தவன் வந்தான். அவன் பக்கம் பாதி ஊர், எதிர்ப்பக்கம் பாதி ஊர். வருடக்கணக்கில் அடிதடி, வீடுகளுக்குத் தீ. கடைசியில் குத்தகைக்காரனின் காவல்காரன் செத்தான். காக்கி உடுப்புக்காரர்கள் வந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நாலு பேர் குகையில் ஒளிந்திருந்தார்கள். அந்த இடத்தை யாரோ காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு பேர் உயிரோடு திரும்பவில்லை. நீ மறுநாளே ஊரை விட்டு ஓடிவிட்டாய். ஓடினவன்தான் காட்டிக் கொடுத்தவன் என்று உன் வாசலில் முள்ளைப் போட்டார்கள். இவ்வளவுதான் அவர்கள் சொல்வது.

முள்ளின் சட்டத்தையும் நாட்டார் விளக்கினார். ஊர் போட்ட முள்ளை அந்த வீட்டுப் பெண் மட்டும்தான் எடுக்கலாம். எடுத்தால், 'எங்கள் வீட்டு ஆள் திரும்பி வந்து பதில் சொல்வான்' என்று ஊருக்குச் சொன்னதாக அர்த்தம். அதுவரை அவள் இங்கேயே இருந்து அடுப்பை அணையாமல் பார்க்க வேண்டும். கார்த்திகை தீபத்தன்று ஊர் கூடும். நீ வந்து பதில் சொல்ல வேண்டும். நீ வராவிட்டால் எடுத்தவள் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் அவளே முள்ளைத் திரும்பப் போட வேண்டும். பிறகு அந்த முள்ளை யாரும் எடுக்க முடியாது. வீட்டை இடித்துவிடுவார்கள். உன் பெயரும் உன் பிள்ளையின் பெயரும் என்றைக்கும் துரோகி வீட்டுப் பெயர்தான்.

முன்னாடியே தெரிந்திருந்தால் எடுத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டேன். எடுத்திருப்பேன்.

நீ காட்டிக் கொடுத்திருக்க மாட்டாய். இரும்புக் கடையில் தாமிரக் கம்பி காணாமல் போனபோது, எடுத்தவன் யார் என்று உனக்குத் தெரியும். முதலாளி எப்படியெல்லாம் கேட்டார்! வேலை போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாய். அந்த ஆள் இந்த ஆளா? என்னால் நம்ப முடியவில்லை. அப்படியென்றால் வேறு யார்? உனக்குத் தெரியும். எனக்குச் சொல். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் போகிறது, எனக்குச் சொல்லு.

செங்கொடி

கையில் சீழ் பிடிக்கவில்லை. தாயம்மா அக்கா மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்.

*

திருவொற்றியூர்
29 நவம்பர் 2024

செங்கொடி,

புயல் வருகிறதாம். வேலை இல்லை, மார்க்கெட்டை மூடிவிட்டார்கள். கரண்ட் இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதி கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள்.

அண்ணன் போனது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கு வேலைக்குப் போனேன், இரும்பை வெட்டினேன், வந்தேன். ராத்திரி தூங்கவில்லை. நீ மன்னிப்பு கேட்க வேண்டாம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். படித்துவிட்டு அடுப்பில் போடு.

அண்ணனையும் என்னையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். கீழே ஒரு பழைய கட்டடம். அவனை ஒரு அறையில், என்னைப் பக்கத்து அறையில். என்னை அடித்துவிட்டு அவனிடம் போனார்கள். சுவர் மெல்லிசு. அண்ணன் அலறினது கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் அலறல் நின்றது. அப்புறம் அவன் பேசினது கேட்டது. குகைக்கு வழி சொன்னான். ஓடையைத் தாண்டி இடப்பக்கம் என்று சொன்னான். குழந்தை மாதிரி அழுதுகொண்டே சொன்னான்.

மறுநாள் எங்கள் இருவரையும் விட்டுவிட்டார்கள். சேர்ந்து மலை ஏறினோம். குகையில் பிடித்துவிட்டார்கள் என்ற செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. பாதி வழியில் எதிரே வந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டுப் போனார். எங்களை மட்டும் விட்டதால், சொன்னது இந்த இரண்டு பேரில் ஒருவன்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அண்ணன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். "அவ எட்டு மாசம்டா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நீ போ என்று அவன் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. எனக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. நான் திரும்பிக் கீழே இறங்கினேன். கால் போன போக்கில் ரயில் ஏறினேன். கடைசி ஸ்டேஷனில் இறங்கி, துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும்.

என்னைப் பெரிய ஆளாக நினைக்காதே. இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். அவன் எனக்கு முன்னால் உடைந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அண்ணி வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது பெரியவன் ஆகியிருப்பான். பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போது இதைச் சொன்னால் செத்தவன் பெயர் கெடும், இருக்கிறவர்கள் தலை குனிய வேண்டும். நான் அங்கே வாழப் போவதில்லை. அந்த வீடு எனக்கு எதற்கு? முள்ளைத் திரும்பப் போட்டுவிட்டு வந்துவிடு. உன் வாயை எனக்குத் தெரியும். அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதையாவது கெஞ்சிக் கேட்டிருக்கிறேனா?

கோதண்டம்

*

ஈச்சம்வளவு
7 டிசம்பர் 2024

என் கோதண்டத்துக்கு,

புயலில் மலைப்பாதை சரிந்து, உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. படித்தேன். அடுப்பில் போடச் சொன்னாய். போட்டேன். போட்ட பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே உன்னைத் திட்டினேன். எத்தனை கெட்ட வார்த்தை தெரியுமோ அத்தனையும். பிறகு அழுதேன்.

இவ்வளவையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாய். தூக்கத்தில் நீ உளறும்போதெல்லாம் இரும்பு வெட்டுகிற கேஸ் சூடு உடம்புக்கு ஆகவில்லை என்று இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

நீ உன்னுடையதைத் தூக்கி அண்ணனுக்குக் கொடுத்தாய். அன்றைக்கு அது உன்னுடையது, கொடுத்தாய், சரி. நான் வந்த பிறகு அதில் பாதி என்னுடையது இல்லையா? மதியுடையது இல்லையா? 'உன் அப்பாவுக்கு எந்த ஊர்' என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது அவள் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்து அழுதாளே, அன்றைக்கு நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். எங்களைக் கேட்காமல் எங்கள் பங்கையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டாய். அதற்குத்தான் எனக்குக் கோபம்.

இப்போது கேள். அண்ணியின் பிள்ளை பெயர் மாதேசன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மூக்கு உன்னுடையதுதான். தீபத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறான். தை மாதம் கல்யாணம், பெண் இதே மலையில் அடுத்த ஊர். பெண்ணின் மாமா குகையில் பிடிபட்டுத் திரும்பாத இரண்டு பேரில் ஒருவர். நன்றாகக் கேட்டுக்கொண்டாயா? 'வெள்ளையன் மாதிரி நேர்மையான மனுசன் வீடு' என்று சொல்லித்தான் பெண் கொடுக்கிறார்கள்.

நேற்று அவன் வந்து என் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற இடத்தில் ஓலை செருகிக் கொடுத்தான். இறங்கி வந்து, "சித்தி, தண்ணி குடுங்க" என்றான். சித்தி! என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. செம்பை அவனிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தாயம்மா அக்கா களி கிண்டிக் கொண்டுவந்தார். அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். அவர் நெற்றியில் பற்றுப் போட்டுவிட்டுப் போனார்.

பாவி, என்னை இப்படிக் கட்டிப் போட்டுவிட்டாயே. வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் நிற்கும். மூடிக்கொண்டால் என் பிள்ளை துரோகி மகள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருத்தி நின்றுகொண்டு, ராவும் பகலும் இந்த வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். நாலு எட்டு வைத்தால் சுவர், திரும்பினால் மறுபடி சுவர்.

நீ வா. இது உன் வீட்டு விவகாரம். நீ வந்து நின்று 'நான்தான் சொன்னேன்' என்று பொய் சொன்னால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். நீ வராவிட்டால் நான் தனியாக நிற்பேன். அப்போது என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. வாயை மூடிக்கொண்டு நின்று எனக்குப் பழக்கம் இல்லை. தீபம் பதின்மூன்றாம் தேதி.

வந்துவிடு.

கொடி

*

திருவொற்றியூர்
11 டிசம்பர் 2024

கொடி,

கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. சாயங்காலம் கிளாம்பாக்கம் போனேன். சேலம் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார், வாங்கினேன். பஸ் நகர்ந்தது. கேட்டைத் தாண்டுவதற்குள் கத்தி நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். கண்டக்டர், "இன்னா நைனா, வூட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டியா?" என்றார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். மதி கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா ஒண்டியாத்தான் எல்லாத்தையும் பேசணுமாப்பா?" என்றாள். இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னதில்லை. உன் கடிதங்களை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு நேரத்தில் கிடைக்காது. தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. அண்ணன் உட்கார்ந்த அந்தப் பாறைத் திருப்பத்தைத் தாண்டி மேலே ஏற என் காலுக்குத் தைரியம் இல்லை, கொடி. இரும்பை வெட்டுகிறவன் என்று பெயர், உள்ளே ஒன்றும் இல்லை.

மாதேசன். நல்ல பெயர்.

கோதண்டம்

*

ஈச்சம்வளவு
15 டிசம்பர் 2024

கோதண்டம்,

நீ வரவில்லை. வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் நின்றேன். அதைப் பற்றி இப்போது சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

தீபத்தன்று வெயில் இறங்கும்போது நம் வீட்டு வாசலில்தான் ஊர் கூடியது. நான் எடுத்து ஓரமாகப் போட்ட முள்ளைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். குகையில் செத்தவர்கள் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம். மாதேசனுக்குப் பெண் கொடுக்கிற வீட்டாரும் வந்திருந்தார்கள். தாயம்மா அக்கா முன்வரிசையில், புதுப்புடவை கட்டி.

நாட்டார் கேட்டார்: "ஆள் வரலை. நீ சொல்லு தாயீ. கோதண்டம் காட்டிக் குடுத்தானா?"

"இல்ல" என்றேன்.

"அப்ப வேற யாரு?"

எங்கள் அப்பா கம்பெனி கேட்டில் நின்று பேசியது போலப் பேச வேண்டும் என்று ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாதேசன் கூட்டத்தின் பின்னால் நின்று, தைரியமாகப் பேசு என்பது போல எனக்குத் தலையை ஆட்டினான். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது கோதண்டம். என் பக்கம் நிற்கிறான்! இன்னொரு தடவை கேட்டார்கள். அதற்கும் அடுத்த தடவை கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவே இல்லை. நீ கெஞ்சிக் கேட்டது நடந்துவிட்டது, சந்தோஷமா?

"பதில் இல்ல. முள்ளை எடுத்துப் போடு" என்றார் நாட்டார்.

குனிந்தேன். மதியின் முகம்தான் கண்ணில் நின்றது. முள்ளில் கை வைத்தேன். வைத்த கையின் மேல் இன்னொரு கை வந்தது. தாயம்மா அக்கா. "விடு தங்கச்சி. இது என் வூட்டு முள்ளு" என்றார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவர் நிமிர்ந்து நின்று, ஊரைப் பார்த்துச் சொன்னார். சத்தம் போடவில்லை.

"காட்டிக் குடுத்தது என் ஊட்டுக்காரரு. அடி தாங்காமச் சொல்லிட்டாரு. சாவும்போதுதான் அதை என்கிட்ட சொன்னாருன்னு இல்ல, குடிச்ச ராத்திரியெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாரு. பங்காளி வூட்டு முள்ளைக் காய விடக்கூடாதுன்னு வருசா வருசம் புது முள்ளு வெட்டிப் போட்டது யாரு? நான். தெரிஞ்சே போட்டேன். என் புள்ளைக்காகப் போட்டேன். இவளுக்கும் ஒரு புள்ள இருக்குது."

பிறகு முள்ளை இரண்டு கையாலும் அள்ளினார். புதுப்புடவையெல்லாம் மாட்டிக் கிழிந்தது. யாரும் தடுக்கவில்லை. தன் வீட்டுக்கு நடந்து போய், தன் வாசலில் தானே போட்டுவிட்டு, அதற்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பெண் வீட்டார் எழுந்து போனார்கள். கல்யாணம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மாதேசன் ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சித்தப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன்.

இப்போது நம் வாசல் திறந்திருக்கிறது. உன் பெயரில் களங்கம் இல்லை என்று நாட்டார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கேட்டதும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. அக்கா ராத்திரி என்னோடு வந்து படுக்கிறார், விடிந்ததும் தன் வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பிட மறுக்கிறார். நான் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குகிறார்.

அந்த வீட்டுப் பெண் முள்ளை எடுக்கலாம் என்பது சட்டம். நானும் அந்த வீட்டு மருமகள்தானே, நானே எடுக்கிறேன் என்று நாட்டாரிடம் போய் நின்றேன். எடுக்கலாம், ஆனால் இந்த முள்ளால் பாதிக்கப்பட்டவன் ஒருத்தன் இருக்கிறான், அவன் வந்து சரி என்று சொல்ல வேண்டும் என்றார். அது நீதான்.

ஆகையால் நான் உன்னைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உன் அண்ணி வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். அதை மட்டும் சொல்கிறேன்.

கொடி

*

திருவொற்றியூர்
20 டிசம்பர் 2024

கொடி,

மதிக்கு நாளையோடு பரீட்சை முடிகிறது. நாளைக்கே இரண்டு பேரும் கிளம்புகிறோம். கடிதம் முந்துமோ நாங்கள் முந்துவோமோ தெரியாது. முந்தினால் இதை அண்ணிக்கு வாசித்துக் காட்டு.

அண்ணி, அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று செங்கொடிக்கு எழுதியிருந்தேன். அது பொய். கோபம் இருக்கிறது. பாறையில் உட்கார்ந்து அவன் என்னைப் போக விட்டான். ஒரு தடவையாவது தேடி வந்திருக்கலாம். அவன் செத்துவிட்டான், இனி யாரிடம் கேட்பேன்? ஊருக்கு வந்து அவனை நினைத்து ஒரு நாள் முழுக்கத் திட்ட வேண்டும், அழ வேண்டும். நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. என் பிள்ளை என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். நான் வந்து சேருவதற்கு முன்னாலேயே நாட்டாரிடம் சொல்லிவிடுங்கள், கோதண்டம் சரி என்று சொல்லிவிட்டான் என்று. வரும் வழியில் மறுபடி எங்கேயாவது இறங்கி ஓடினாலும் ஓடுவேன். அதற்காக நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கக் கூடாது. சாப்பிடுங்கள்.

மாதேசனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடாதீர்கள். நான் அவனைப் பார்க்க வேண்டும். பெண் வீட்டுக்கு அவனோடு நானும் வருகிறேன். அவர்கள் வீட்டில் செத்தவர் எனக்குச் சிநேகிதர். நான் போய்க் கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்களோ, கேட்டுப் பார்ப்போம்.

கொடி, இது உனக்கு. கௌசர் அக்கா வழிக்குப் புளிச்சோறு கட்டித் தருகிறேன் என்கிறார். நேற்று மதிதான் போனில் டிக்கெட் போட உட்கார்ந்தாள். சேலம் வரைக்கும் போட்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அங்கேருந்து எங்கப்பா? நம்ம ஊரு பேரு இன்னா?" என்றாள். சொன்னேன். காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்றாள். சொன்னேன்.

கோதண்டம்